சூறாவளி வருகிறது என்றால் தோட்டத்தில் என்ன செய்வது? மலையக மக்களின் கேள்விகளும் பதில்களும்

தோட்டப் பிரிவுகளில் அனர்த்தக் குழுக் கூட்டம் வைக்கும்போது, லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) இஸ்தோப்பிலும் கோயில் வாசலிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் சரிவான நிலத்தில் வாழும் எல்லோரையும் மனத்தில் வைத்து எழுதியது. வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

சூறாவளி கடற்கரைக்காரர்களின் கவலை அல்லவா? மலையில் இருக்கும் நமக்கு என்ன?

இந்தக் கேள்வியை 2025க்கு முன் கேட்டவர்கள் பலர். இப்போது கேட்பவர்கள் குறைவு. ஆனாலும் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வங்காள விரிகுடாவில் சூறாவளிகள் பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையும், சில சமயம் ஏப்ரல், மே மாதங்களிலும் உருவாகின்றன. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி காற்றின் வேகத்தாலேயே ஊர்களைச் சாய்த்தது. நம் தாத்தாமார் சூறாவளி என்றால் அதைத்தான் நினைப்பார்கள். 2025 நவம்பர் 28ஆம் திகதி கிழக்குக் கரையில் நுழைந்த டித்வா வேறு மாதிரியானது. காற்றின் வேகத்தை வைத்துப் பார்த்தால் அது கடும் சூறாவளி வகையில்கூடச் சேராது. ஆனால் அது கொண்டுவந்த மழை மலைநாட்டை உடைத்துப் போட்டது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; அவர்களில் பெரும்பகுதியினர் மலைநாட்டு மாவட்டங்களில், மண்சரிவில் இறந்தவர்கள்.

கடலிலிருந்து வரும் ஈரக்காற்று நம் மலைகளில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த நீரையெல்லாம் இங்கேயே இறக்கிவிடுகிறது. ஒரு ஏக்கர் தேயிலை மலையில் 150 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஆறு இலட்சம் லீட்டர் தண்ணீர், எடையில் 600 தொன். அதில் ஒரு பகுதி கானில் (வடிகாலில்) ஓடிவிடும். மீதி மண்ணுக்குள் இறங்கி, பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில் தேங்கி, மண்ணின் பிடியைத் தளர்த்துகிறது. ஒக்டோபர் மழையில் ஏற்கெனவே ஊறியிருக்கும் மலைக்கு இன்னும் குறைவான மழையே போதும்.

சூறாவளி நம் நாட்டைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. 2016 மே மாதம், பின்னர் ரோணு என்று பெயர் பெற்ற தாழமுக்கம் இலங்கையின் அருகே கடலில் இருந்தபோதே கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். அந்தச் சூறாவளி கரை கடந்ததோ சில நாட்கள் கழித்து பங்களாதேஷில். ஆகவே "இந்தியப் பக்கம் திரும்பிவிட்டதாம்" என்று செய்தி வந்தாலும் மழையின் மீது வைத்த கண்ணை எடுக்காதீர்கள்.

எச்சரிக்கையை யார் தருவார்கள்? மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்றால் என்ன?

சூறாவளியையும் மழையையும் பற்றி வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கும். மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் தரும். ஆற்று வெள்ளத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் பார்க்கிறது. இவை எல்லாவற்றையும் மக்களிடம் கொண்டு சேர்ப்பது அனர்த்த முகாமைத்துவ நிலையம். அதன் அவசர இலக்கம் 117, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

மண்சரிவு எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வரும். "நுவரெலியா மாவட்டத்துக்கு" என்று வானொலியில் கேட்டால் போதாது. அம்பகமுவையா, வலப்பனையா, கொத்மலையா என்று கவனியுங்கள். உங்கள் தோட்டம் எந்தப் பிரதேச செயலகத்தின் கீழ் வருகிறது என்பது வீட்டில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நிறங்கள் மழையின் அளவை ஒட்டியவை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டி மழை தொடர்ந்தால் மஞ்சள்: விழிப்பாக இருங்கள், மலையைப் பாருங்கள். 100 தாண்டினால் செம்மஞ்சள்: பையைக் கட்டி, புறப்படத் தயாராக இருங்கள். 24 மணி நேரத்தில் 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 தாண்டினாலோ சிவப்பு: வெளியேற வேண்டும்.

அப்படியானால் சிவப்பு வரும்வரை வீட்டில் இருக்கலாமா?

லயத்தில் இருப்பவர்கள் இருக்கக் கூடாது என்பதுதான் எங்கள் உறுதியான கருத்து. கூட்டங்களில் அதிக நேரம் விவாதிக்கப்படுவதும் இதுதான்.

சிவப்பு எச்சரிக்கை நள்ளிரவிலும் வரலாம். அந்நேரம் மின்சாரம் இருக்காது. தொலைபேசிக் கோபுரம் செத்திருக்கும். ஒற்றையடிப் பாதை ஓடையாகியிருக்கும். கைக்குழந்தையும் முழங்கால் வலிக்காரப் பாட்டியும் உள்ள குடும்பம் அந்த இருட்டில் தேயிலை மலை வழியாக எப்படி இறங்கும்? செம்மஞ்சள் வந்ததும், அதுவும் பகல் வெளிச்சம் இருக்கும்போதே, வயதானவர்கள், கர்ப்பிணிகள், சிறுபிள்ளைகள், நோயாளிகள் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும். சாயங்காலம் நான்கு மணிக்கு மழை கனத்து, இரவிலும் தொடரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் எல்லோரும் போய்விடுவது நல்லது. மலை சரியாவிட்டால் நஷ்டம் ஒரு இரவுத் தூக்கம், அவ்வளவுதான்.

போன தடவையும் போகச் சொன்னார்கள், ஒன்றும் நடக்கவில்லை. திரும்பத் திரும்ப எப்படிப் போவது?

இந்தச் சலிப்பு நியாயமானது. பாடசாலை மண்டபத்தில் சீமெந்துத் தரையில் நாலு நாள் படுத்துவிட்டு, நனைந்த விறகோடும் காலியான மாவு டின்னோடும் வீடு திரும்பியவர்களுக்கு மீண்டும் போக மனம் வராது.

பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். மலை அப்போது அசையவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், மக்கள் வேலைக்கும் பிள்ளைகள் பாடசாலைக்கும் கிளம்பும் நேரத்தில், மலை இறங்கி லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது அங்கே வீடு இல்லை. அந்த மக்கள் எச்சரிக்கையை அலட்சியம் செய்தார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அதை நாங்கள் ஏற்கவில்லை. நிலமும் வீடும் சொந்தமாக இல்லாதவர்கள் எங்கே போயிருக்க முடியும்? அதனால்தான் போகும் இடத்தையும் அங்கே சாப்பிடும் வழியையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்வதைக் குழுவின் முதல் வேலையாக வைத்திருக்கிறோம். தங்குமிடம் தாங்கக்கூடியதாக இருந்தால் மக்கள் இரண்டாம் தடவையும் வருவார்கள்.

நம் தோட்டத்தில் எவ்வளவு மழை பெய்தது என்று நாமே அளக்க முடியுமா?

முடியும். அளக்கவும் வேண்டும். ஒரு மலைக்கு இந்தப் பக்கம் கொட்டும் மழை அந்தப் பக்கம் தூறலாக இருக்கும். நகரத்து மழைமானியில் உள்ள கணக்கு உங்கள் மேல் பிரிவுக்குப் பொருந்தாமல் போகலாம்.

பக்கம் நேராக இருக்கும் ஒரு பெரிய பிளாஸ்டிக் போத்தலை எடுத்து, மேலே குறுகும் இடத்தில் வெட்டி, வெட்டிய பகுதியைத் தலைகீழாகப் புனல்போல் அதன் மேலேயே வையுங்கள். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருப்பதால் சிறு கற்களைப் போட்டு, பக்கம் நேராகத் தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூச்சியம் என்று கோடு போடுங்கள். அதற்கு மேல் பாடசாலை அடிமட்டத்தை ஒட்டிவிட்டால் மழைமானி தயார். நீர் ஏழரை சென்டிமீட்டர் உயர்ந்தால் 75 மில்லிமீட்டர். கூரை நீரும் மரத்து நீரும் விழாத திறந்த இடத்தில், காற்றில் சாயாதபடி கல் அணைத்து வையுங்கள்.

தினமும் காலை ஒரே நேரத்தில் பார்த்து ஒரு கொப்பியில் எழுதி, பூச்சியக் கோட்டுக்கு மேலுள்ள நீரை ஊற்றிவிட வேண்டும். பெருமழை நாளில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பார்த்து, கூட்டிக்கொண்டே வாருங்கள். இந்த வேலையை உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தால் பெரியவர்களைவிட ஒழுங்காகச் செய்வார்கள். அளவு நூறைத் தாண்டினால் வெளியிலிருந்து அறிவித்தல் வராவிட்டாலும் குழு கூடி முடிவெடுக்க வேண்டும்; கிராம உத்தியோகத்தருக்கும் சொல்ல வேண்டும்.

குழு என்றால் யார்? யாருக்கு என்ன பொறுப்பு?

ஒவ்வொரு லயத்துக்கும் இரண்டு பேர், முடிந்தால் ஒரு ஆணும் ஒரு பெண்ணும். அவர்களிடம் அந்த லயத்தின் பெயர்ப் பட்டியல் இருக்கும்: எத்தனை குடும்பம், எத்தனை பேர், யார் நடக்க முடியாதவர், யார் இன்சுலின் போடுபவர், யாருக்கு எந்த மாதம் பிரசவம். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளின் தொலைபேசி இலக்கமும் அதில் இருக்கட்டும். தங்குமிடத்தில் தலை எண்ணும்போது இந்தப் பட்டியல்தான் கைகொடுக்கும். யாரோ ஒருவரைக் காணோம் என்று ஆட்கள் மறுபடி மலையேறிப் போய் உயிரை விடுவதைத் தடுப்பதும் இதுவே.

தோட்டத் தலைவர், கணக்கப்பிள்ளை, பாடசாலை அதிபர், கோயில் பரிபாலன சபை, இளைஞர் மன்றம், குடும்பநல உத்தியோகத்தர் ஆகியோரோடு கிராம உத்தியோகத்தரும் சேர்ந்தால் குழு நிறைவாகும். தொழிற்சங்க வேறுபாடுகளை இந்தக் குழுவுக்குள் கொண்டுவராதீர்கள். ஒரே பிரிவில் இரண்டு சங்கம் இரண்டு குழு அமைத்து, இரண்டு பட்டியல் வைத்து, இரண்டிலும் இல்லாமல் ஒரு குடும்பம் விடுபட்டுப்போனால் யார் பதில் சொல்வது?

செய்தி பரப்பக் கோயில் மணியையும் ஒலிபெருக்கியையும் பயன்படுத்தலாம். மின்சாரம் போனால் ஒலிபெருக்கி உதவாது. மணியை விடாமல் அடித்தால் வெளியேற வேண்டும் என்று முன்பே பேசி முடிவு செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையும் பாருங்கள். பூசை மணியோடு குழப்பம் வராதபடி அடிக்கும் முறை வேறாக இருக்க வேண்டும்.

எங்கே போய்த் தங்குவது?

பாடசாலை, கோயில் மண்டபம், வாசிகசாலை, கொழுந்து நிறுக்கும் மடுவம், தொழிற்சாலையின் ஒரு பகுதி என்று பல இடங்களைச் சொல்வார்கள். அந்த இடம் பாதுகாப்பானதா என்பதை முதலில் கேளுங்கள். தோட்டப் பாடசாலைகளில் பல, மலையை வெட்டிய தட்டில்தான் நிற்கின்றன. பின்னால் உயரமான மண்சுவர், பக்கத்தில் ஓடை என்றால் அது தங்குமிடம் ஆகாது. மழையில்லாத மாதத்திலேயே பிரதேச செயலகம் வழியாகத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவன அதிகாரிகளை அழைத்துக் காட்டி, எது தகும் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள்.

போகும் பாதையும் முக்கியம். கான் குறுக்கிடும் பாதை, பாலம் உள்ள பாதை, வெட்டிய மண்மேட்டுக்குக் கீழே போகும் பாதை என்று பார்த்து, கொஞ்சம் சுற்றாக இருந்தாலும் ஆபத்தில்லாததைத் தெரிவு செய்யுங்கள். உறவினர் வீடு சமதரையில் இருந்தால் அங்கே போவது எல்லாவற்றிலும் நல்லது. ஆனால் லயத்துப் பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

தங்குமிடத்தில் பெண்களுக்குத் தனி மறைவிடமும், வெளிச்சமுள்ள மலசலகூடமும் இல்லையென்றால் பெண்பிள்ளைகள் வர மறுப்பார்கள். அவர்கள் வராவிட்டால் தாய்மாரும் வரமாட்டார்கள். தார்ப்பாய், கயிறு, பெரிய டோர்ச், மாதவிடாய்த் துணி, குழந்தைப் பால்மா ஆகியவற்றைச் சந்தாப் பணத்தில் முன்பே வாங்கி ஓர் இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கலாம். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

வேலை நாளில் வந்தால் என்ன செய்வது? பெயர் போடாமல் (அன்றைய நாட்சம்பளம் பதியாமல்) விட்டால்?

நாட்சம்பளத்தில் வாழும் வீட்டில் ஒரு நாள் பெயர் என்பது சிறிய விஷயமல்ல. அதை அற்பமாகப் பேச எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் 100 மில்லிமீட்டர் மழை பெய்த மலையில் கொழுந்து பறிக்க ஆட்களை நிறுத்தக் கூடாது. பருவமழைக்கு முன்பே தலைவர்கள் தோட்ட நிர்வாகத்தோடு உட்கார்ந்து மூன்று விஷயங்களைப் பேசி எழுதிக்கொள்ள வேண்டும்: எந்த எச்சரிக்கையில் பிரட்டு (காலையில் வேலைக்கு ஆள் எடுப்பது) நிறுத்தப்படும், அந்த நாளின் பெயர் என்னாகும், தோட்டத்து லொறியும் ட்ரக்டரும் ஆட்களை ஏற்ற யார் அனுமதி கொடுப்பார். மழை கொட்டும்போது துரை பங்களாவுக்கு ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

பிள்ளைக் காம்பிராவை (குழந்தைப் பராமரிப்பு நிலையத்தை) மறந்துவிடாதீர்கள். அம்மா ஒரு மலையில், குழந்தை இன்னொரு மலையில் என்று இருக்கும் நேரம் அது. மஞ்சள் எச்சரிக்கையிலேயே பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒப்படைப்பது நல்லது.

பையில் என்ன எடுத்து வைப்பது?

கடதாசிகள்தான் முதலில். தேசிய அடையாள அட்டை, பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், ஊழியர் சேமலாப நிதி ஆவணங்கள், அஸ்வெசும (அரச நலன்புரிக் கொடுப்பனவு) கடிதம், அடகுச் சீட்டு, பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ்கள், கிளினிக் புத்தகம். இவற்றை நீர் புகாத இரண்டு பொலித்தீன் உறைகளில் சுற்றி, ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வெளியூரில் உள்ள உறவினருக்கும் அனுப்பிவையுங்கள். தோட்டத்தில் பிறப்புச் சான்றிதழை மறுபடி எடுக்க எத்தனை அலுவலகம் அலைய வேண்டும் என்பதை அலைந்தவர்கள் அறிவார்கள்.

மற்றபடி மூன்று நாளுக்கு வேண்டிய மருந்து, கம்பளி, மாற்றுத் துணி, டோர்ச், பேட்டரியில் ஓடும் வானொலி, தீப்பெட்டி, குடிதண்ணீர், பிஸ்கட், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பொட்டலம். குளிர் பிள்ளைகளையும் முதியவர்களையும்தான் முதலில் பிடிக்கும்; ஆகவே கம்பளி கட்டாயம். தொலைக்காட்சி, அலுமாரி, காஸ் சிலிண்டர் எதையும் தூக்க வேண்டாம்.

லயத்தைச் சுற்றி முன்கூட்டியே என்ன வேலை செய்யலாம்?

கான்தான் முக்கியம். லயத்துக்கு மேலே உள்ள மலையில் குறுக்காக ஓடும் கான்கள் கவ்வாத்து வாதுகளாலும் (வெட்டிய தேயிலைக் கிளைகளாலும்) மண்ணாலும் அடைபட்டால், தண்ணீர் வழி மாறி, வீட்டுக்குப் பின்னாலுள்ள வெட்டுமேட்டின் தலையில் இறங்கும். செப்டம்பர் முடிவதற்குள் ஒரு சிரமதானம் வைத்து மண்வெட்டியோடு ஏறுங்கள். மேட்டின் உச்சியில் வெடிப்பு தெரிந்தால் களிமண் இட்டு இறுக்கி மூடுங்கள். தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது. பீலியிலிருந்து (மலையூற்று நீர் விழும் இடத்திலிருந்து) வரும் குழாய் எங்காவது கசிந்து மண்மேட்டுக்குள் போகிறதா என்றும் பாருங்கள். வீட்டைப் பெருப்பிக்க, குசினி இறக்க, மேட்டின் அடியை வெட்டுவதை நிறுத்த வேண்டும். இடநெருக்கடி புரிகிறது. ஆனால் அடியை வெட்டினால் மேட்டைத் தாங்கி நிற்பது எதுவும் மிஞ்சாது.

கூரைத் தகரத்தின் மேல் வெறும் கல் வைப்பது பழைய பழக்கம். பெருங்காற்றில் கல் உருண்டு ஆள்மேல் விழும். மண் நிரப்பிய உரப்பைகளை இரண்டிரண்டாகக் கட்டி முகட்டின் இருபுறமும் தொங்கவிடுவது மேல். லயத்துக்கு மேல் சாய்ந்து நிற்கும் யூக்கலிப்டஸ், வாகை மரங்களை வெட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். கிளம்பும்போது மெயின் சுவிட்சை அணையுங்கள்.

மலை சரியப்போகிறது என்று எப்படித் தெரியும்?

நிலத்திலோ சுவரிலோ தரையிலோ புதிய வெடிப்பு. பழைய வெடிப்பு அகலமாவது. நேற்றுவரை திறந்த கதவும் ஜன்னலும் இன்று இறுகுவது. மின்கம்பமும் மரமும் வேலியும் சாய்வது. இதுவரை இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவது, பீலித் தண்ணீர் திடீரென்று சேறாக வருவது. இவற்றில் எதைக் கண்டாலும் எச்சரிக்கை நிறம் எதுவாக இருந்தாலும் வெளியேறுங்கள்.

ஓர் அறிகுறியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மக்கள் அதை நல்ல செய்தி என்று நினைத்துவிடுகிறார்கள். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஓடையில் தண்ணீர் குறைந்தால், "வெள்ளம் வடிகிறது" என்று எண்ணாதீர்கள். மேலே எங்கோ மண்ணும் மரமும் விழுந்து ஓடையை அடைத்திருக்கலாம். அடைப்பு உடைந்தால் சேறும் பாறையும் ஒன்றாக வரும். அதன் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது.

இரவில் மலை இரையும் சத்தம் கேட்டால்?

பொருள் எடுக்கத் திரும்பாதீர்கள். சரிவு வரும் பாதையில் நேர் கீழாக ஓடாமல் பக்கவாட்டில் ஓடி, ஓடையையும் பள்ளத்தையும் விட்டு மேட்டுப் பக்கம் ஏறுங்கள். பெருமழை நாட்களில் எக்காரணத்தாலோ வீட்டில் தங்க நேர்ந்தால், மலைப் பக்கச் சுவரை ஒட்டிய அறையில் யாரும் படுக்கக் கூடாது. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களில் மேட்டைப் பார்த்த வரிசையில் இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். அவர்களை முதலில் நகர்த்துங்கள். இரவு முழுக்க ஒருவர் மாறி ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

நாங்கள் ஆற்றோரத்தில் இருக்கிறோம். வான்கதவு திறந்தால்?

மேல் கொத்மலை, காசல்ரீ, மவுசாக்கலை, கெனியன், லக்ஷபான, நோர்ட்டன் பிரிட்ஜ் என்று நம்மைச் சுற்றி நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. இவற்றில் நீர் நிரம்பும்போது வான்கதவு திறக்கப்படும், அல்லது நீர் தானாகவே மேலால் வழியும். தலவாக்கலைக்குக் கீழே கொத்மலை ஓயாவின் கரைகளிலும், மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா ஓரங்களிலும் குளிப்பதும் துணி துவைப்பதும் மரக்கட்டை பிடிப்பதும் மழை நாட்களில் வேண்டாம். உங்கள் இடத்தில் மழை இல்லாவிட்டாலும் மேலே பெய்த மழை ஆற்றில் வந்து சேரும்.

தாத்தா வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார். மாடும் இருக்கிறது.

தாத்தாவிடம் மருமகனோ கங்காணியோ போய்ச் சத்தம்போட்டால் அவர் மேலும் இறுகுவார். அவர் மதிக்கும் ஒருவர், கோயில் பூசகரோ பழைய கூட்டாளியோ, பகலிலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். "பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நீங்கள் கூட வர வேண்டும்" என்று ஒரு பொறுப்பைக் கொடுத்துக் கூப்பிட்டுப் பாருங்கள். பாதி மறுப்பு பயத்தாலும் கூச்சத்தாலும் வருவது: இரவில் மலசலகூடம் எங்கே, படுக்கை எப்படி என்பதுதான் உள்ளே இருக்கும் கவலை. அதற்குப் பதில் சொன்னால் வருவார்.

மாட்டையும் ஆட்டையும் மஞ்சள் எச்சரிக்கையிலேயே பாதுகாப்பான தட்டுக்கு நகர்த்துங்கள். அது முடியாமல் கடைசி நேரம் வந்துவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். மாட்டைக் கொண்டுவரத் தனியாக மேலேறாதீர்கள்.

அறிவித்தல் தமிழில் வருமா?

வர வேண்டும், தமிழும் அரச கரும மொழி. அவசர நேரத்தில் தமிழ் அறிவித்தல் பிந்தி வருவதும், சிங்களத்தில் மட்டும் வருவதும் நடக்கிறது, அதைத் தொடர்ந்து தட்டிக் கேட்க வேண்டும். ஆனால் மலை அதற்காகக் காத்திருக்காது. சிங்களம் நன்கு வாசிக்கும் இருவரைக் குழுவில் வைத்து, வரும் அறிவித்தலை உடனே தமிழில் குரல் பதிவாக எல்லா லயங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். எந்தத் திணைக்களம், எந்தத் திகதி, எத்தனை மணிக்கு வெளியிட்டது என்பதைச் சொல்லாத செய்தியைப் பகிரக் கூடாது. போன வருடத்து எச்சரிக்கை இந்த வருடம் சுற்றிவந்து ஊரைக் கலக்கும்.

மழை விட்டுவிட்டது. வீட்டுக்குப் போகலாமா?

உடனே வேண்டாம். மழை நின்ற பிறகும் மண்ணுக்குள் இறங்கிய நீர் வடியும் வரை சரிவு வரலாம். வெயில் அடிக்கிறது என்று துணி எடுக்கவும் அடுப்பைப் பார்க்கவும் போகிறவர்களைத் தங்குமிட வாசலிலேயே நிறுத்துங்கள். எச்சரிக்கை நீக்கப்பட்டு, அதிகாரிகள் வந்து பார்த்த பிறகே போக வேண்டும். வெடிப்பு விழுந்த லயத்துக்குள் ஆய்வு முடியாமல் பிள்ளைகளை விடவே கூடாது.

தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். பீலியின் தலைப்பக்கம் சேறு கலந்திருக்கும். சேற்றில் இறங்கி வேலை செய்தபின் காய்ச்சலும் தசைவலியும் வந்தால் எலிக் காய்ச்சலாக இருக்கலாம், தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள். அறுந்த மின்கம்பியைத் தொடாமல் 1987க்கு அறிவியுங்கள். அம்புலன்ஸ் வேண்டுமானால் 1990, பொலிஸுக்கு 119.

நிவாரணப் பட்டியலில் எங்கள் பெயர் வரவில்லை என்றால்?

தோட்டத்தில் ஒரே லய அறையில் இரண்டு மூன்று குடும்பம் வாழ்வதும், வீட்டுக்குத் தனி முகவரி இல்லாமல் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வருவதும் இங்கே பெரிய சிக்கல். ஒரு கதவுக்கு ஒரு குடும்பம் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். வாக்காளர் பதிவில் ஒவ்வொரு குடும்பத்தின் பெயரும் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். சேதத்தைப் படமெடுத்து, லயத்து இலக்கத்தோடும் பிரிவின் பெயரோடும் கிராம உத்தியோகத்தரிடம் பதியுங்கள். அவரிடம் கிடைக்காவிட்டால் பிரதேச செயலகத்தில் உள்ள அனர்த்த நிவாரண உத்தியோகத்தரிடம் போகலாம்.

எங்கள் லயம் இருக்கும் இடமே ஆபத்தானதா என்று யார் சொல்வார்கள்?

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாய வலய வரைபடங்கள் இருக்கின்றன. இடத்துக்கு வந்து ஆய்வு செய்தும் அறிக்கை தருவார்கள். கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலாளருக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள். ஒரு குடும்பமாகக் கேட்காமல் லயத்தில் உள்ள எல்லோரும் கையெழுத்திட்டுக் கேளுங்கள். நிலம் நம் பெயரில் இல்லாததால் இடம்மாற்ற அரசும் தோட்ட நிர்வாகமும் சேர்ந்து காணி ஒதுக்க வேண்டும். தனிக் குரலுக்கு அங்கே பலம் இருக்காது. அறிக்கை வந்தால் அதன் தமிழ்ப் பிரதியையும் கேட்டு வாங்கி வாசிகசாலையில் வையுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நகல் எடுத்து, அதில் அலுவலக முத்திரையும் திகதியும் போட்டு வாங்கிக்கொள்ளாமல் வெளியே வராதீர்கள். அடுத்த மாதம் போய்க் கேட்கும்போது அந்தத் திகதியிலிருந்துதான் பேச்சைத் தொடங்க முடியும்.